நீங்கள் வளர்த்த அம்மா

அக்கா,

கார் டிக்கியைத் திறந்தால் இன்னும் அச்சு மை வாசம்தான் அடிக்கிறது. உங்கள் முப்பத்தோராம் நாளுக்கு அடித்த கல்வெட்டுப் புத்தகங்களில் ஒரு கட்டு மிஞ்சிப்போய் அங்கேயே கிடக்கிறது. அட்டையில் நீங்கள் சிரிக்காமல் பார்க்கிறீர்கள். பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படம் அது, வேறு படம் உங்களிடம் இருந்தால்தானே. அந்தக் கட்டின் மேல் மரக்கறிப் பைகளை வைக்க மனம் வராமல் பின் சீற்றில் வைத்துக்கொண்டு திரிகிறேன். வீட்டுக்குள் எடுத்து வைத்துவிடலாம். அதற்கும் அலுப்பாக இருக்கிறது.

உண்மையைச் சொன்னால் எல்லாவற்றுக்கும் அலுப்பாகத்தான் இருக்கிறது. ரோவிலிலிருந்து ட்ருகனினாவுக்கு, நகரத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு, சனிக்கிழமை தவறாமல் ஓடிவந்த காலத்தில்கூட இப்படி அலுக்கவில்லை. பாலத்தில் லொறிகளுக்கு நடுவே நின்றுகொண்டு உங்களைத் திட்டுவேன். வந்து சேர்ந்தால் வாசலிலேயே தொடங்குவீர்கள்: "ஏன் இவ்வளவு பிந்தி? ரோட்டு இடிஞ்சு போச்சோ?" இப்போது சனிக்கிழமைகளில் எனக்குப் போக இடமில்லை. பதினொரு மணி வரை படுக்கையில் கிடந்தும் களைப்புத் தீரவில்லை.

ஒருவர் போய் முப்பத்தோராம் நாள் அவருடைய வம்சத்தையும் வாழ்க்கையையும் எழுதிப் புத்தகமாக்கி, வந்தவர்களின் கையில் கொடுக்கும் வழக்கத்தை நாங்கள் மெல்பேர்ன் வரைக்கும் கொண்டுவந்துவிட்டோம். உங்களுடையதை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. உங்கள் தம்பி அமெரிக்காவில் பேர்போன எழுத்தாளன். விமான நிலையக் கடைகளில் அவனுடைய புத்தகத்தை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அவனுக்குச் சொந்த அக்காவின் கல்வெட்டை எழுத வராது. "பன்ரெண்டு வயசிலை விட்ட தமிழ், அக்கா. கதைக்க வரும், எழுத வராது. நீங்களே எழுதுங்கோ," என்றான். என்னையும் அவன் அக்கா என்றுதான் கூப்பிடுவான். எழுதினேன். நீங்கள் எங்கே பிறந்தீர்கள், யாருக்குப் பிறந்தீர்கள், யாரை மணந்தீர்கள், எல்லாம் எழுதினேன். எழுத வேண்டிய ஒன்றைத்தான் எழுதவில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

நம்முடைய பழக்கமே ஆஸ்பத்திரியில் தொடங்கியதுதானே. நான் மொழிபெயர்க்க வந்தவள், நீங்கள் நோயாளி. எங்கள் தொழிலில் ஒரு சொல் கூட்டக் கூடாது, ஒரு சொல் குறைக்கக் கூடாது, ஒன்றை இன்னொன்றாக மாற்றக் கூடாது. நோயாளி "நான்" என்றால் நாங்களும் "நான்" என்றே சொல்ல வேண்டும். நீங்கள் "எனக்கு ஒரே களைப்பு" என்றீர்கள். டொக்டரைப் பார்த்து எனக்கு ஒரே களைப்பு என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். உங்களுக்கு அந்த அளவு ஆங்கிலம் விளங்கும். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்ப உமக்கும் சிறுநீரகம் பழுதோ?" என்று கேட்டீர்கள். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு. பிறகு தமிழ்க் கடையில் முருங்கைக்காய் பொறுக்கும் இடத்தில் கண்டோம். அதோடு ஒட்டியதுதான்.

டயலிசிஸ் தொடங்கியபோது சனிக்கிழமைகளில் நான் துணைக்கு வந்தேன். உங்கள் பயம் ஊசிக்கு இல்லை, பொழுதுக்கு. வேர்ஹவுஸில் நின்றபடி பெட்டி கட்டிப் பழகிய உடம்பு. அந்தச் சாய்வுக் கதிரையில் அரை நாள் அசையாமல் இருப்பது உங்களுக்குத் தண்டனை. அப்போதுதான் பையிலிருந்து அந்தத் தடித்த புத்தகத்தை எடுத்து என் மடியில் வைத்தீர்கள். தம்பி கையெழுத்துப் போட்டு அனுப்பியது. அவனுடைய குடும்ப வேரையும் சின்ன வயதையும் பற்றியது, உலகமெல்லாம் பேசப்பட்ட புத்தகம். "எனக்கு இந்த இங்கிலிசு ஓடாது. நீர் தமிழிலை சொல்லும். கூட்டாமல் குறைக்காமல் சொல்லும், அதுதானே உம்மட வேலை," என்றீர்கள்.

சொன்னேன். புங்குடுதீவிலிருந்து கொழும்புக்குப் போய்க் கடை போட்ட அப்பப்பா. அந்தக் கடையைப் பெரிதாக்கிய அப்பா. கலவரத்தில் கடையோடு சேர்ந்து இல்லாமல் போன அப்பா. கோண்டாவிலில் ஒரு வாடகை வீட்டில் இரண்டு பிள்ளைகளோடு மிஞ்சிய அம்மா. மெஷின் சத்தத்துக்கு மேலே கேட்கவும் வேண்டும், பக்கத்துக் கதிரைக்காரருக்குத் தொந்தரவாகவும் இருக்கக் கூடாது. இடையிடையே நீங்கள் திருத்துவீர்கள். "அது சுருட்டுக்கடை இல்லை, சாப்பாட்டுக்கடை. சுருட்டு முன்னுக்கு வைச்சு வித்தது. விசரன், எல்லாத்தையும் மாறி எழுதியிருக்கிறான்." திட்டும்போது உங்கள் முகம் முழுக்கப் பெருமையாக இருக்கும்.

அவனுடைய அம்மா வந்தபிறகு நீங்கள் திருத்தவில்லை. நானும் கவனிக்கவில்லை, கதை என்னை இழுத்துக்கொண்டு போனது. அப்படி ஒரு அம்மா. சீனி சுற்றிவந்த ஆங்கிலப் பேப்பர்த் துண்டுகளை நீவி எடுத்து மகனுக்கு வாசிக்க வைத்திருக்கும் அம்மா. அவனைச் சைக்கிளில் முன்னுக்கு இருத்திப் பள்ளிக்கூடம் கொண்டுபோகும் அம்மா. அந்தப் புத்தகத்தில் அக்கா என்று ஒருத்தியும் வருவாள், கதவோரம் நிற்பாள், சமைப்பாள், அதிகம் பேசமாட்டாள். "அதிகம் பேசாதவளோ! அவனுக்கு என்ர வாய் மறந்து போச்சு," என்று சிரித்தீர்கள்.

பிறகு அந்த மூடிய கை வந்தது. அமெரிக்கர்கள் எல்லோரும் உருகிப்போன பகுதி அது. அவன் எழுதியபடியே சொன்னேன்: பின்னேரங்களில் அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து நித்திரை மாதிரி நடிப்பா. அவவின் மூடிய கைக்குள் எனக்கென்று ஒரு தோடம்பழ இனிப்பு இருக்கும். ஒவ்வொரு விரலாக நான் விரித்து அதை எடுப்பேன். அவ சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பது அவவின் முதுகு குலுங்குவதில் தெரியும். இதைச் சொல்லி முடித்துவிட்டு, நல்லாய் எழுதியிருக்கிறான் என்று நிமிர்ந்து பார்த்தேன். நீங்கள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"அது சிரிப்பில்லை," என்றீர்கள்.

அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னீர்கள். அப்பா திரும்பி வரமாட்டார் என்று தெரிந்த கிழமை அம்மா சுவர்ப்பக்கம் திரும்பியவ, பிறகு திரும்பவேயில்லை. பேச்சும் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரி, கோயில், சாத்திரி, ஒன்றும் சரிவரவில்லை. உங்களுக்குப் பதினாறு வயது, தம்பிக்கு நாலு. நீங்கள் பள்ளிக்கூடத்தை விட்டீர்கள். உடுக்க வேறு இல்லாமல் அம்மாவின் சேலைகளைக் கட்டத் தொடங்கினீர்கள். சைக்கிளில் முன்னுக்கு இருக்கிற பிள்ளைக்கு மிதிக்கிறவரின் முகம் தெரியாது. சேலைத் தலைப்பும் ஹாண்டிலைப் பிடித்திருக்கிற கையும்தான் தெரியும். சீனிப் பேப்பரை நீவியது நீங்கள். அவன் கையில் கொடுக்கும்போது "அம்மா உனக்கெண்டு எடுத்து வைச்சவ," என்பீர்கள். புட்டு அவிப்பது நீங்கள், "அம்மா அவிச்சது." சட்டை தைப்பது நீங்கள், "அம்மா தைக்கச் சொன்னவ." ஒவ்வொரு பின்னேரமும் அந்த இனிப்பை அம்மாவின் கைக்குள் வைத்து விரல்களை மூடிவிட்டுத்தான் அவனை அறைக்குள் விடுவீர்கள். அவனுக்கு எட்டு வயதாகும்போது அம்மா போய்விட்டா. அதுவரை அந்த வீட்டில் அவனுக்கு ஒரு அம்மா இருந்தா, நீங்கள் நடத்திய அம்மா.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. உங்களில் அரைவாசி, அவனில் அரைவாசி. இப்போதே போன் எடுப்போம் என்றேன். உலகத்துக்கே கதை சொல்கிறவனுக்குத் தன் கதை தெரிய வேண்டாமா, உங்களைக் கதவோரம் நிற்க வைத்துவிட்டானே என்றேன். என்னென்னவோ சொன்னேன். நீங்கள் ஊசி குத்தியிருந்த கையை அசைக்காமல் மற்றக் கையால் என்னைத் தட்டினீர்கள்.

"அவனுக்கு அம்மா இருக்கிறது அந்தப் புத்தகத்துக்குள்ளை மட்டும்தான். அதையும் பறிக்கச் சொல்லுறீரோ?"

"அப்ப நீங்கள்?"

"நான் இருக்கிறன்தானே. கிழமைக்கு ரெண்டு தரம் போன் எடுக்கிறான். எனக்கென்ன குறை?" என்றுவிட்டு, "நிப்பாட்டாதையும், அங்காலை வாசியும்," என்றீர்கள்.

அங்கால் வாசித்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ சனிக்கிழமைகள், அம்மா வரும் பகுதிகளையே திரும்பவும் சொல்லச் சொன்னீர்கள். கேட்டுக்கொண்டே நித்திரையாகிவிடுவீர்கள். அவனிடம் மட்டும் அம்மாவைப் பற்றி வாய் திறக்கவில்லை. கதைக்கத் தொடங்கினால் எங்கேயாவது ஒரு இடத்தில் வழுக்கி விழுந்துவிடுவேன் என்று பயந்தீர்கள். புத்தகத்தைப் பற்றி அவன் கேட்டபோதெல்லாம் "ஓம், நல்லாயிருக்கு," என்பதோடு நிறுத்திக்கொண்டீர்கள். அந்த ஒரு சொல்லில் அவன் எவ்வளவு காயப்பட்டிருந்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நீங்கள் போனபோது ஓடிவந்தான். நெருப்பு வைத்த பிறகும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை வரை உங்கள் யூனிற் வீட்டிலேயே தங்கியிருந்தான். ஒரு மத்தியானம் சாப்பாடு கொண்டுபோனேன். குசினியில் ஒவ்வொரு அலுமாரியாகத் திறந்து கிளாஸ் தேடிக்கொண்டிருந்தான். தலை நரைக்கத் தொடங்கியிருக்கிறது, நடை அப்படியே உங்களுடையது. எடுத்துக் கொடுத்தேன். தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டான்.

"அக்கா, உங்களிட்டை ஒண்டு கேக்கோணும். அவவுக்கு அம்மாவிலை கோபமோ? ஒரு நாளும் அம்மாவைப் பற்றி என்னோடை கதைச்சதில்லை. நான் கேட்டால் சமையலைப் பற்றிக் கதைப்பா. அம்மாவுக்கு என்னிலைதான் கூடப் பாசம், அதாலை அக்காவுக்கு மனசிலை ஏதோ இருந்திருக்கு. நான் எழுதியிருக்கக் கூடாது. அவ அதாலைதான்..."

முடிக்கவில்லை. ஐம்பதை நெருங்குகிற ஆள் லாமினேட் பலகையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அக்கா, அந்த நேரம் நான் உங்களை வெறுத்தேன். ஒரு சொல் போதும் எனக்கு. அந்தச் சொல்லைச் சொன்னால் உங்கள் மேல் அவன் கட்டிய அந்தப் பொல்லாத எண்ணம் உடைந்துவிடும். அம்மாவும் சேர்ந்து உடைந்துவிடுவா. "மெஷினிலை இருந்து வந்தால் ஆருக்கும் கதை வராது தம்பி. களைப்பு," என்றேன். அவன் நம்பவில்லை. நான் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உங்களோடு சண்டை பிடித்துக்கொண்டு வந்தேன்.

முப்பத்தோராம் நாள் காலையில் கடற்கரையில் கிரியை முடித்துவிட்டு, மத்தியானம் ஹோலில் சாப்பாடு வைத்தோம். உங்களுக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு சரிவரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவிலிருந்து அவன் மனைவியும் இரண்டு மகள்மாரும் வந்திருந்தார்கள், அவர்களுக்குத் தமிழ் தெரியாது. அதனால் அவன் ஆங்கிலத்தில் பேச, பெரியவர்களுக்காக நான் பக்கத்தில் நின்று தமிழில் சொல்வதென்று ஏற்பாடு. என் தொழில்தானே என்று நானும் ஒப்புக்கொண்டுவிட்டேன். முன்வரிசையில், பிடித்து நடக்கிற வண்டிலைப் பக்கத்தில் விட்டுவிட்டு, கோண்டாவிலில் உங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த அன்ரி உட்கார்ந்திருந்தா. பொயிண்ட் குக்கில் மகனோடு இருக்கிறவ. அந்த வீட்டில் என்ன நடந்தது என்று கண்ணால் கண்ட ஒரே ஆள். அவவின் வாய்க்குப் பூட்டுக் கிடையாது என்று நீங்களே எத்தனை தரம் சொல்லியிருக்கிறீர்கள்.

அவன் பேசத் தொடங்கினான். எங்கே போவான் என்று எனக்குத் தெரியும், அங்கேதான் போனான். சைக்கிள் வந்தது. மூடிய கை வந்தது. நான் அவனுடைய "நான்" ஆக நின்று சொல்லிக்கொண்டே வந்தேன். பிறகு அவன் சொன்னதைத் தமிழாக்கினால் இவ்வளவுதான்: அம்மா என்னைத் தூக்கிச் சைக்கிளில் இருத்துவா, அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பா.

நான் மைக்கை வாயிலிருந்து இறக்கினேன். ஹோல் முழுக்க என்னைப் பார்க்கிறது. உங்கள் படத்துக்கு மாலை போட்டு விளக்கு வைத்திருக்கிறது. உங்களுக்காகக் கூடிய கூட்டத்தில், உங்களை வாசலில் நிறுத்திவைக்கும் வசனத்தை என் வாயால் சொல்ல வேண்டும். ஒரு சொல்லை மாற்றினால் போதும். நான் அழுகிறேன் என்று நினைத்து அவன் என் முழங்கையைத் தொட்டான். "ஆறுதலாச் சொல்லுங்கோ அக்கா," என்றான். நீங்கள் எனக்கு "அங்காலை வாசியும்" என்று சொல்கிற அதே குரல் அது. சொன்னேன். கூட்டாமல், குறைக்காமல், அம்மா என்றே சொன்னேன்.

பேச்சு முடிந்து கீழே இறங்கியதும் அவன் நேரே அன்ரியிடம் போய்க் குனிந்தான். நான் பின்னாலேயே ஓடினேன். அன்ரி அவன் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஹோலுக்கே கேட்கிற குரலில் சொன்னா:

"கொம்மா என்ன மாதிரி மனுசி தெரியுமோ? வேலிக்கு மேலாலை கூப்பிட்டு எனக்குச் சொல்லுவா, 'இவன் என்ர பெடியன் பெரிய ஆளா வருவான், இருந்து பாருங்கோ' எண்டு. வந்திட்டாய்."

அவனை யாரோ அந்தப் பக்கம் கூப்பிட்டார்கள், முகத்தைத் துடைத்துக்கொண்டு போனான். நான் அன்ரியைப் பார்த்தபடி நின்றேன்.

"என்ன பிள்ளை அப்பிடிப் பாக்கிறீர்?" என்றா. இந்தத் தடவை மெதுவாக. "அந்த மனுசி ஒரு சொல் கதைச்சு நான் கேட்டதில்லை. அவள்தான் வந்து கேட்டவள். பதினாறு வயசுப் பெட்டை, தாயின்ர சேலையைச் சுத்திக்கொண்டு ஒவ்வொரு வீடா வந்து, 'தம்பி கேட்டால் அம்மா சொன்னவ எண்டு சொல்லுங்கோ, அம்மா தந்தவ எண்டு குடுங்கோ' எண்டு கும்பிட்டுப் போட்டுப் போனவள். கடைக்காரன், பள்ளிக்கூடத்து ரீச்சர், எல்லாரும்தான் சொன்னது. செத்திட்டாள் எண்டு இப்ப மாத்தேலுமோ?"

அக்கா, நீங்கள் எனக்கு மட்டும்தான் சொன்னீர்கள் என்று இவ்வளவு நாளும் நான் தூக்கிச் சுமந்துகொண்டு திரிந்தேனே. ஒரு ஒழுங்கை முழுக்க, வீட்டுக்கு வீடு, உங்களுக்காகப் பொய் சொல்லியிருக்கிறது. எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. பிறகு அன்ரிக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து, அவ எனக்கென்று நீட்டிய வடையை வாங்கிச் சாப்பிட்டேன். அன்று காலையிலிருந்து எனக்கு ஒன்றும் இறங்கவில்லை, அதுதான் முதல் இறங்கியது.

அவன் அமெரிக்காவுக்குப் போய்விட்டான். போனது முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் போன் எடுக்கிறான். உங்களுக்கு எடுத்துப் பழகிய கை. முதல் நாள் மனைவி, மகள்மார், குளிர் என்று சுற்றிச் சுற்றிக் கதைத்துவிட்டுக் கடைசியில் கேட்டான்: "அக்கா உங்களிட்டை அம்மாவைப் பற்றி ஏதேனும் சொன்னவவோ? சின்ன விசயம் எண்டாலும் பறுவாயில்லை."

இருபது வருடம் அடுத்தவரின் சொல்லில் ஒரு எழுத்துக் கூட்டாமல் பிழைத்தவள் நான். வாய் தானாகத் திறந்தது. "உங்களுக்குச் சீப்பாலை தலை இழுக்கேக்கை அம்மா பாடுவாவாம் தம்பி. குரல் அவ்வளவு சரியில்லையாம். எண்டாலும் விடமாட்டாவாம். அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பா," என்றேன். பிறகு, "அப்ப அவவுக்கு அம்மாவிலை கோபமில்லை," என்று தனக்குத்தானே சொன்னான். குரலில் ஒரு பாரம் இறங்கியது எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. எழுதிக்கொள்கிறான். அடுத்த புத்தகத்தில் வரும்.

அடுத்த ஞாயிறும் கேட்டான். அதற்கடுத்ததும். ஒவ்வொரு தரமும் ஏதோ ஒன்று சொல்கிறேன். போனை வைத்த பிறகு கையெல்லாம் ஓய்ந்துபோய் உட்கார்ந்திருக்கிறேன். இதை நீங்கள் பதினாறு வயதில், அடுப்படியில் நின்றுகொண்டு, நாள் தவறாமல் எப்படிச் செய்தீர்களோ தெரியாது.

நாளைக்கு ஞாயிறு, அக்கா. அம்மா இனி என்ன செய்தா என்று நான் யோசிக்க வேண்டும்.